மேப்பக்கம், கீப்பக்கம்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரைப் பொறுத்தவரை உலகத்தில் இடம், வலம் என்று எதுவும் கிடையாது. மேப்பக்கம், கீப்பக்கம், அவ்வளவுதான். மலை இருக்கிற பக்கம் மேப்பக்கம். பள்ளம் இருக்கிற பக்கம் கீப்பக்கம். சந்தி வந்தால் மேப்பக்கம் திருப்பச் சொல்வார், நானும் மலையைத் தேடித் திருப்புவேன். கண்டியில் எந்த ரோட்டில் போனாலும் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாகத்தான் இருக்கும். அதனால் இந்தப் படிப்பில் ஒரு கோளாறு இருப்பது எனக்கு வெகுநாள் வரைக்கும் தெரியவில்லை.

நாலைந்து வருடத்துக்கு முந்திய கதை. என் மைத்துனர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகும்போது தன் பழைய காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார். விற்கவும் கூடாதாம், துருப்பிடிக்க விடவும் கூடாதாம். ஆறு மாதம் அது சும்மா நின்றது. ஒன்று நீங்கள் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான் அதற்குள் கோழி அடைக்கப்போகிறேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஊருக்குள் ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறேன். புத்தகக் கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அப்பியாசக் கொப்பி, பென்சில், படம் வரையும் தாள். அதுவரை நான் ஓட்டிய ஒரே வாகனம் தையல் மெஷின்தான், அதுவும் சின்ன வயதில், அம்மா பார்க்காத நேரத்தில்.

பயிற்சிப் பள்ளியில் இருந்து வந்தவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். சல்வார், அதற்கு மேலே வெயிலோ மழையோ கழற்றாத ஒரு சாம்பல் நிற சுவெட்டர், காலில் கென்வஸ் சப்பாத்து, கையில் பிளேன்டீ பிளாஸ்க். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அறுபது வயதுக்காரரும் மிஸ் என்றார். அவர் எங்கள் எல்லாரையும் அண்ணே, அக்கா என்றார்.

முதல் நாள் காரில் ஏறியதும் கிளச், பிரேக் என்று ஆரம்பிப்பார் என்று நான் காலைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ என் வீட்டு வாசலில் நின்றால் எந்த மலை தெரியும் என்று கேட்டார். கவனித்ததில்லை என்றேன். தகப்பன் பேர் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி, என் வாசலில் நின்று, மாமரத்துக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே விரலை நீட்டி, அது ஹந்தானை என்று காட்டினார். பிறந்ததில் இருந்து அதே வீட்டில் இருக்கிறேன். மலை அங்கே இருப்பது தெரியாமல் இல்லை, அதைப் பார்க்கலாம் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அவர் பிறந்தது நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேற்கணக்கில். தோட்டத்தை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். மேற்கணக்கு லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, உச்சியில் இருக்கும். பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றால்கூட மூன்று மலைத்தொடர் தெரியுமாம். கீழ்க்கணக்குக்காரர்கள் பாவம், அவர்களுக்குப் பாதி ஊர்தான் தெரியும் என்று அனுதாபப்படுவார். கீழ்க்கணக்குக்கே அந்த அனுதாபம் என்றால் கொழும்புக்காரர்களைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சமதரையில் ஓட்டுவது ஓட்டுவதே இல்லை, உருட்டுவது என்பார்.

தூரத்தை அவர் மைலிலும் சொல்லமாட்டார், கிலோமீற்றரிலும் சொல்லமாட்டார். வளைவில்தான் சொல்வார். கடை இரண்டு வளைவு தள்ளி இருக்கும். இன்னாருடைய வீடு கோயிலில் இருந்து ஐந்து வளைவு. ஒரு தடவை யாழ்ப்பாணத்துக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டு வந்து, அந்த ரோட்டில் எவ்வளவு தூரம் போனோம் என்றே தெரியவில்லை என்று நிஜமாகவே கவலைப்பட்டார். நாலு மணி நேரத்தில் எண்ணிப் பார்த்தால் வளைவே தேறவில்லையாம்.

பாதிக் கிளச் என்று ஒன்று உண்டு. ஏற்றத்தில் காரை நிறுத்தி, பிரேக்கும் இல்லாமல், கிளச்சைப் பாதி விட்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் உருளாமல் அந்தரத்தில் பிடித்து வைத்திருப்பது. கண்டியில் ஓட்ட வேண்டுமென்றால் இது தெரியாமல் ஒன்றும் முடியாது. மிஸ் இதைக் கற்றுக்கொடுக்கத் தேர்ந்தெடுத்த இடங்கள்தான் விசேஷம். அம்பிட்டியவுக்குப் போகும் வழியில் ஒரு திருப்பம், கீழே மகாவலி ஆறு நெளிந்து போவது தெரியும். ஹந்தானை ஏற்றத்தில் ஓர் இடம், வாவியும் ஊரும் உள்ளங்கைக்குள் கிடக்கும். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரு ஒழுங்கை, அதில் நின்றால் நக்கிள்ஸ் தொடர் முழுவதும் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் பாதிக் கிளச்சில் நிறுத்தச் சொல்லிவிட்டு, பார்க்கச் சொல்வார். நான் பயத்தில் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். "ரோடு எங்கயும் ஓடிப் போகாது அண்ணே. மேகம் போயிரும். அத மொதல்ல பாருங்க" என்பார். கிளச் தட்டு கருகும் மணம் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்போம். பள்ளியின் முதலாளிக்கு மற்ற கார்களைவிட இந்தக் காரின் கிளச் மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் தேய்கிறது என்பது கடைசிவரைக்கும் புரியவே இல்லை.

நடுவில் நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடாகி, வரிசைக் காலம் வந்தது. கார்கள் எல்லாம் நிலையத்தின் வாசலில் நாள்கணக்காகத் தவம் கிடந்தன. பள்ளியை மூடிவிட்டார்கள். மிஸ் மட்டும் மூடவில்லை. காரில்லாமல் எப்படி என்று கேட்டேன். நடந்து வாருங்கள் என்றார். நானும், என்னைப்போலவே மிஸ்ஸிடம் ஓட்டப் பழகிய, மடவளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் ராத்தாவும், மிஸ்ஸும் மூன்று பேராக ஏற்றத்தில் நடந்தோம். அவர் பக்கத்தில் நடந்துகொண்டே கியர் சொல்வார், நாங்கள் இடது கையால் காற்றில் கியர் மாற்றுவோம். ராத்தா தன் கைப்பையையே ஸ்டியரிங்காகப் பிடித்திருந்தார். மூச்சு வாங்கினால் முதலாவது கியருக்கு இறங்க வேண்டும், மூச்சு சீராக இருந்தால் மூன்று போடலாம். ரோட்டோரத்தில் நின்றவர்கள் எங்களுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே முடிவுகட்டியிருப்பார்கள். ஆனால் இன்றைக்கும் ஏற்றத்தில் எஞ்சின் திணறுவதை எனக்குக் காது சொல்வதற்கு முன்னால் முழங்கால் சொல்லிவிடுகிறது. அந்த நாட்களில்தான் மலையைப் பார்க்கிற பழக்கமும் எனக்குத் தொற்றிக்கொண்டது. கடையைத் திறக்குமுன் ஒரு நிமிடம் வாசலில் நிற்க ஆரம்பித்தேன். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, மிஸ் உங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறாரா அல்லது சாமியாராக்கப் பார்க்கிறாரா என்றாள்.

பெற்றோல் வந்தது, ட்ரயலும் வந்தது. ஓட்டிக் காட்டும் பரீட்சையை எங்கள் ஊரில் ட்ரயல் என்போம். அதை ஒரு மைதானத்தில் வைத்தார்கள். கண்டியில் அத்தனை தட்டையான நிலம் ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அதிகாரி ஏறினார். வலப்பக்கம் திருப்பச் சொன்னார். நான் மேப்பக்கத்தைத் தேடினேன். மேப்பக்கமும் இல்லை, கீப்பக்கமும் இல்லை. தேடி முடிப்பதற்குள் கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார். நிறுத்தி, பழக்க தோஷத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பாதிக் கிளச் பிடித்து, ஏற்றத்துக்கு மிதிப்பதுபோல மிதித்தேன். கார் துள்ளியதில் அதிகாரியின் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு என்னை இறங்கச் சொன்னார். அன்று ராத்தாவும் அதே மாதிரிதான் பெயிலானார்.

முதலாளி மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாராம். மிஸ் என்னிடம் வந்து என்ன நடந்தது என்று விபரமாகக் கேட்டார். அந்த மைதானத்தில் மேப்பக்கமே இல்லை என்றேன். "இருக்கு அண்ணே. கெழக்கால. மழ பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தீங்கன்னா தெரியும்" என்றார். வருத்தம் தெரிவிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். அது இப்படித்தான் வெளியே வந்தது.

அவருடைய கணவர் கத்தாரில் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை செய்தார். கொழும்புப் பக்கத்துச் சமதரையில், வத்தளையில் பிறந்து வளர்ந்த மனிதர். பெரிய படகுபோல உடம்பு, பூனைபோல நடை, அதிகம் பேசமாட்டார். ஒப்பந்தம் முடிவதற்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. திரும்பி வந்து எங்கே குடியிருப்பது என்பதில் இரண்டு பேருக்கும் வருடக்கணக்கில் இழுபறி. அவருக்கு வத்தளையில், தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில். இவருக்கு அம்பிட்டியவில், இப்போது வாடகைக்கு இருக்கிற வீட்டிலோ அதற்கு மேலேயோ. கீழே என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வருடம் அவர் ஒரு மாத லீவில் வந்தபோது இதை முடித்துவிடுவது என்று இரண்டு பேருமே தீர்மானித்திருந்தார்கள்.

அதற்கு மிஸ் போட்ட திட்டத்தில் நானும் இருந்தேன். என் பாட நேரத்தில் கணவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் ஓட்டுவேன், அவர் இடம் காட்டுவார், கணவர் பார்த்து மனம் மாறுவார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு மனிதனை மலை காட்டி மனம் மாற்றப்போகிற வண்டிக்கு நான் சாரதி.

ஹந்தானை ஏற்றத்தில் போனோம். எங்கள் கெட்ட நேரம், போகப் போக மூட்டம் இறங்கியது. நான் பாதிக் கிளச் பிடித்த இடத்தில் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. மிஸ் சளைக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டி, இதோ வாவி, இதோ மலைமேல் புத்தர் சிலை, அதற்குப் பின்னால் இன்ன மலை, அதற்கும் பின்னால் இன்னது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். அவர் விரல் போகிற இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது. பின்சீட்டில் இருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை அவர் சொல்லவும் செய்தார்.

தெரியாவிட்டால் என்ன, அங்கேதானே இருக்கிறது என்றார் மிஸ்.

அது தனக்கு நன்றாகத் தெரியும் என்றார் கணவர். பிறகு, அவர் அத்தனை பேசுவார் என்று நான் நினைத்தே பார்க்காத அளவுக்குப் பேசினார். அங்கே கத்தாரில் இருந்துகொண்டு மழைக்காலம் வந்தால் தான் படுகிற பாட்டைச் சொன்னார். போனில் மண்சரிவு எச்சரிக்கை வரும். கண்டி மாவட்டம் என்று வரும். உடனே மிஸ்ஸுக்கு அழைப்பார். மிஸ் ஓட்டிக்கொண்டிருப்பார், எடுக்கமாட்டார். அவர் திரும்ப எடுக்கிறவரைக்கும் குளிர் அறைக்குள் நின்று தனக்கு வேர்க்கும் என்றார். மிஸ் திரும்பிப் பார்க்காமலே, வத்தளைக்கு மட்டும் வெள்ளம் வருவதில்லையா என்று கேட்டார்.

"தண்ணி வந்தா கூரையில ஏறி நிக்கலாம். மல வந்தா எங்க ஏறி நிக்கிறது?"

நான் பாதிக் கிளச்சைப் பிடித்தபடி, மூச்சையும் பாதி பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கிளச் தட்டு கருகத் தொடங்கியது. மணம் ஏறிய பிறகுதான் மிஸ் என் நிலைமையைக் கவனித்து, வண்டியை எடுக்கச் சொன்னார்.

அத்தோடு முடிந்திருந்தால் மிஸ் எப்படியும் வென்றிருப்பார். அவருக்கு மலையைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. எந்த மேடு சரியும், எது சரியாது, மரம் எந்தப் பக்கம் சாய்ந்தால் பயப்பட வேண்டும், ஊற்றுத் தண்ணீர் எப்போது கலங்கும் எல்லாம் அவர் பிறந்த வீட்டுப் பாடம். கணவரைக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் வீட்டுக்கு அடியில் இருக்கும் கருங்கல்லைத் தட்டிக்காட்டினார். ஆனால் அந்த வாரம் விடாமல் மழை பெய்தது. வீட்டுப் பின்மேட்டில் மண் கொஞ்சம் பிளந்தது. மிஸ் அதைக் கையால் அளந்து பார்த்து, ஒரு சாண்கூட இல்லை, மேல்மண்தான் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார்.

மழை விட்ட பிறகு ஒரு பாடத்துக்கு வந்தவர் என்னை எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. பிளாஸ்க்கையும் திறக்கவில்லை. நானாகவே ரோட்டோரம் நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் நல்லாத் தூங்கினேன் அண்ணே. மண்ணு பொளந்த பெறகு மூணு நாளும் தூங்கினேன். காலையில எந்திரிச்சுப் பார்த்தா, மூணு நாளும் அவரு கதிரையில உக்காந்திருக்காரு. செருப்பக்கூடக் கழட்டல. என் செருப்பையும் எடுத்துப் பக்கத்துல வச்சிருக்காரு."

அவருக்குப் பயம் போகப் போகத் தெளியும் என்று ஏதோ சொன்னேன். மிஸ் தலையாட்டினார். எனக்காக ஆட்டினார் என்று எனக்கே தெரிந்தது. பிறகு வண்டியை எடுக்கச் சொல்லி, அடுத்த சந்தியில் இடப்பக்கம் திருப்புங்க என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை முதல்தடவையாகக் கேட்டேன். வத்தளைதான் வென்றது என்று அன்றே எனக்கு விளங்கிவிட்டது. காரைத் திருப்பினேன்.

மிச்சப் பாடமெல்லாம் இடமும் வலமும்தான். சுத்தமான, அரசாங்கப் பாடம். இரண்டாவது ட்ரயலில் ஒரு பிழையும் இல்லாமல் தேறினேன். ராத்தாவும் தேறினார், மூன்று கிலோ தொதல் இனிப்போடு வந்து மிஸ்ஸைக் கட்டிப்பிடித்து அழுதார். மிஸ் அழவில்லை. சமதரையில் தேறியதற்கெல்லாம் அழக்கூடாது ராத்தா என்றார்.

கணவர் கத்தாருக்குப் போய் ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர்கள் போகிற நாள் காலையில் சாமான் லொறி முன்னால் போய்விட்டது. அவர்களை மைத்துனரின் காரில் நானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தேன். பேராதனையைத் தாண்டி நான் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. என் மனைவி நாலு கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டே அனுப்பினாள். கணவர் பின்சீட்டில் ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மிஸ் முன்னால், அதே சுவெட்டரோடு. வத்தளையில் அதைப் போட்டால் வெந்துபோவீர்கள் என்றேன். வத்தளை வந்த பிறகு கழற்றிக்கொள்கிறேன் என்றார்.

வழி முழுக்கப் பாடம் நடத்தினார். மூன்றுக்கு வாங்க, லொறிக்கு இடம் விடுங்க, வளைவுக்கு முன்னாலேயே பிரேக், வளைவுக்குள்ளே இல்லை. நானும் சொன்னதைச் செய்தேன். கடுகண்ணாவை என்கிற ஊர் வந்தது. அங்கிருந்துதான் ரோடு கீழ்நாட்டுக்கு இறங்குகிறது. கண்டிக்கு வருகிறவர்களுக்கு மலைநாட்டின் வாசல் அது. எங்களுக்கு அன்று அது பின்வாசல். நல்ல வெயில். ஒரு சொட்டு மூட்டம் இல்லை. கீப்பக்கம் முழுவதும் மலைக்குப் பின்னால் மலையாக, பச்சையும் நீலமுமாகத் திறந்து கிடந்தது. அத்தனை தெளிவாக அந்த இடத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சுற்றிப்பார்க்க வந்தவர்கள் வண்டிகளை ஓரமாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் பாடத்தை நிறுத்திவிட்டார்.

பின்சீட்டில் இருந்து கணவர்தான் பேசினார். "அண்ணே, இங்க கொஞ்சம் நிப்பாட்டுங்க. அவ பார்க்கட்டும்."

நான் ஓரம்கட்ட சிக்னலைப் போட்டேன். மிஸ் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

"நிப்பாட்டாதீங்க அண்ணே. நிப்பாட்டினா நான் எறங்கிருவேன்."

சிக்னலை அணைத்தேன். இரண்டாவது கியரைப் போட்டு, எத்தனை மெதுவாக இறங்க முடியுமோ அத்தனை மெதுவாக இறங்கினேன். பின்னால் வந்த பஸ்காரன் மாவனல்லை வரைக்கும் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தான்.